வூடு வா

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து ராக்கெட் படம் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பட்டணத்து ஆட்கள் நாலு பேர் ராக்கெட்டில் ஏறி வேறோர் உலகத்துக்குப் போவார்கள். அங்கே இறகு சொருகிய காட்டுமிராண்டிக் கூட்டம் ஒன்று இருக்கும். தீக்குச்சி கிழித்தால் அலறும். டார்ச் லைட் அடித்தால் குப்புற விழும். நீங்கள் விசிலடித்தீர்கள், வேர்க்கடலை தின்றீர்கள். உங்களில் சிலர் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் காட்டுமிராண்டிகளின் கூச்சலைப் போட்டுக் காட்டி வாத்தியாரிடம் உதை வாங்கியும் இருப்பீர்கள்.

அந்தக் காட்டுமிராண்டிகளில் நானும் ஒருத்தி. உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருந்தது. நாற்பது ஐம்பது வருஷம் இருந்தது. இப்போது அதற்கும் தெம்பில்லை.

மாவலிவரத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். மாமல்லபுரம் என்று பெயர்ப் பலகையில் எழுதுவதற்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கட்டுமரத்தை மரம் என்போம். அப்பாவை நைனா என்போம். எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கடற்கரை மணலில் கால் வைத்துவிட்டால் 'வூடு வா' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. தெருவில் சொல்லலாம், கிணற்றடியில் சொல்லலாம். கடலின் காதில் விழும் இடத்தில் கூடாது.

அதை ஒரே ஒரு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்தார்கள். மரம் கவிழ்ந்து ஆள் தண்ணீரில் கிடந்தால், பெண்கள் அலை விளிம்பில் வரிசையாக நின்று, கையை வாயில் குவித்து, 'வூடு வா' என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். இழுக்கிற இழுப்பில் அது 'வூடுவோ... ஓ... வூடுவோ' என்று ஆகிவிடும். காதில் விழுந்த குப்பம் கைவேலையைப் போட்டுவிட்டு மரத்தைத் தண்ணீரில் தள்ள வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத குப்பமானாலும் தள்ள வேண்டும். வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். அதனால் எங்கள் ஆள் கவிழ்ந்தால் அவன் உயிர் தெற்குக் குப்பத்துக்காரர்கள் கையில்தான்.

சாதாரண நாளில் சாப்பாட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது? அதற்கு வேறு வார்த்தை இருந்தது. மதியம் அம்மா என்னை விரட்டுவாள். நான் ஓடிப்போய் வலை உதறிக்கொண்டிருக்கும் நைனாவின் பின்னால் நின்று, "நைனா, சோறு ஆறுது," என்பேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நைனா கையால் முகத்தை ஒரு வழி வழித்துத் தண்ணீரை உதறிவிட்டு என் பின்னால் வருவார். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே வழிப்பு. அவர் கடலிலிருந்து வந்தாலும் கிணற்றிலிருந்து வந்தாலும் முகம் துடைப்பது அப்படித்தான்.

நைனாவிடம் ஒரு டார்ச் லைட் இருந்தது. செங்கல்பட்டுச் சந்தையில் வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல். பேட்டரி தீர்ந்துபோனால் வெளியே எடுத்துக் கூரை மேல் வெயிலில் காய வைப்பார். அதில் இன்னும் இரண்டு நாள் எரியும். காக்கை தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த டார்ச் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

பொங்கல் கழிந்தும் வாடை அடங்காத ஒரு வருஷம். மீன் இல்லை. குப்பத்தில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அப்போதுதான் கருவாட்டு மண்டி பாய் வந்தார். செங்கல்பட்டில் மண்டி வைத்திருந்தவர். எங்கள் கருவாட்டை வாங்குகிறவர். வஞ்சனை தெரியாத மனுஷர். சினிமாக் கம்பெனி ஒன்று மணலில் படம் எடுக்க இடமும் ஆட்களும் தேடுவதாகச் சொன்னார்.

"ஒரு வேலையும் இல்ல. சும்மா நிக்கணும், சும்மா ஓடணும்," என்றார் பாய். "ரெண்டு வேளை சோறு போட்றாங்க. கொயந்தைங்களுக்கும் சேத்து."

பெரியப்பாதான் குப்பத்துக்குத் தலைவர். நைனாவின் அண்ணன். அவர் சரி என்றால் சரி. ரெண்டு வேளை சோறு என்ற பிறகு அவர் என்ன சொல்வார்?

லாரிகள் திருக்கழுக்குன்றம் வழியாக வந்தன. தகரமும் பலகையும் இறங்கின. சவுக்குத் தோப்புக்கு முன்னால் மணல்மேட்டில் ஒரு கோபுரம் எழுந்தது. வெள்ளி வண்ணம் அடித்து, கீழே மூன்று கால் வைத்து, பக்கத்தில் ஒரு கதவு வைத்தார்கள். வெயிலில் அந்த வண்ணத்தின் நெடி மூக்கில் ஏறும். இன்றைக்கும் யாராவது கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

டைரக்டர் மெலிந்த மனிதர். தலையில் ஓலைத் தொப்பி. எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை சொன்னார். இது பூமி இல்லை, வேறு கிரகம். நீங்கள் ஆதி மனிதர்கள். துணி தெரியாது, நெருப்பு தெரியாது, இரும்பு தெரியாது.

பெரியப்பா கேட்டார். "அந்த ஒலகத்துல கடலு கீதா சார்?"

"இருக்கு. இதே கடல்தான்."

"அப்போ மீனு?"

"மீனெல்லாம் கதையில வராது பெரியவரே."

"மீன் புடிக்காம கடலாண்ட இன்னா பண்ணிகினு இருப்பாங்க?"

டைரக்டர் கொஞ்சம் யோசித்தார். "ராக்கெட்டுக்காகக் காத்துகிட்டிருப்பாங்க," என்றார்.

குப்பமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர். அதைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் போதுமான அளவு கருப்பாக இல்லையாம். அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து உடம்பு முழுக்கப் பூசினார்கள். தலையில் கோழி இறகு. கழுத்தில் மாட்டெலும்பு. அம்மாவுக்கு எலும்பைத் தொடவே பிடிக்கவில்லை. முந்தானையால் பிடித்துத்தான் மாட்டிக்கொண்டாள். எனக்கோ ஒரே கொண்டாட்டம். கம்பெனி தந்த பொட்டலத்துப் புளிச்சோற்றின் ருசிக்காகவே நான் எந்தக் கிரகத்தில் வேண்டுமானாலும் இருக்கத் தயாராக இருந்தேன். வாழையிலையோடு சூடாக இருக்கும். எண்ணெய் விரலில் ஒட்டும், கரியும் சேர்ந்து வாய்க்குள் போகும்.

டார்ச் லைட் காட்சி எடுத்த நாள் நைனாவால் மூன்று முறை கெட்டது. கதாநாயகன் டார்ச்சை அடித்ததும் நைனா அலறிக் கீழே விழ வேண்டும். நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயப்படணும்யா," என்றார் டைரக்டர். "ஜென்மத்துல டார்ச்சே பார்த்ததில்லைன்னு நெனச்சுக்க."

"நெனச்சிக்கிறேன் சார். ஆனா பேட்ரி வீக்கா கீது சார், மஞ்சளா எரியுது. வெயில்ல வெச்சி எடுங்க."

டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். கதாநாயகன் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் நைனா விழுந்தார். நெற்றி மணலில் பட விழுந்து கிடந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. விளையாட்டுத்தான் என்று தெரிந்தும் நைனா அப்படிக் கிடந்தது பிடிக்கவில்லை.

இன்னொரு காட்சி. ஆண்கள் எல்லோரும் மார்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். ராக்கெட் இறங்கியதும் கடலிலிருந்து நடந்து வந்து அதன் காலடியில் விழ வேண்டும். நைனா உயரமானவர் என்பதால் அவரை நடுவில் நிறுத்தினார்கள். கேமராவைப் பார்க்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். நைனா பார்த்தார். தண்ணீரிலிருந்து ஏறும்போது பழக்க தோஷத்தில் முகத்தை ஒரு வழி வழித்துவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டே வந்தார். பரவாயில்லை, காட்டுமிராண்டி மாதிரியேதான் இருக்கு என்று விட்டுவிட்டார்கள்.

சிக்கல் சத்தத்தில் வந்தது. ராக்கெட்டைக் கண்டதும் பெண்கள் கூவ வேண்டும். என்ன கூவினாலும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. "தமிழ் மாதிரி இருக்கக் கூடாதும்மா. கேட்டா எந்த மொழின்னு தெரியக் கூடாது." எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றார். ஐயோ என்றார்கள். அது தமிழ் என்றார்.

அன்றைக்கே சாயங்காலம் வடக்குக் குப்பத்து மரம் ஒன்று எங்கள் கரைக்கு நேராக அலையில் புரண்டது. பெரிய ஆபத்தில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் புரண்டால் கூப்பிட வேண்டும். அம்மாவும் மற்றப் பெண்களும் ஓடிப்போய் நின்று கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் இறங்கிப் போய் இழுத்துவந்துவிட்டார்கள். சவுண்டுக்காரர் அப்போது தன் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டு சக்கரம் சுற்றும், பழுப்பு நாடா ஓடும், பேசினதைத் திருப்பிச் சொல்லும் பெட்டி. எல்லாமே அதில் ஏறிவிட்டது.

டைரக்டர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"இது என்ன பாஷை? அர்த்தம் என்ன?"

பெரியப்பா காலடியைப் பார்த்தார். மணல். கடல் இருபது முழத்தில் இருக்கிறது. எப்படிச் சொல்வார்? இங்கே நின்றுகொண்டு 'வூடு வா' என்று சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொல்லி அர்த்தம் விளக்குவதா? அதற்கு அவர் நாக்கு வராது.

"அர்த்தம் ஒண்ணும் இல்ல சார்," என்றார். "சும்மா கூப்புட்ற சத்தம்."

அர்த்தமில்லாததுதான் டைரக்டருக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்கு வா என்று அர்த்தம் சார் என்று பெரியப்பா சொல்லியிருந்தால், ஐயோ தமிழா என்று அந்த ஆள் அதே நிமிஷம் நாடாவை அழித்திருப்பார். வார்த்தையைக் காப்பாற்ற நினைத்துத்தான் பெரியப்பா அதைத் தூக்கிக் கொடுத்தார். அவரும் தமிழர், டைரக்டரும் தமிழர். நடுவில் அந்த மணல் இருந்தது.

பெட்டியில் ஏறிய சத்தத்தை இனிப் படத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா பெரியப்பாவிடம் போனாள். அவள் அவர் எதிரில் நின்று பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அத்த தரக் கூடாது மாமா. அது நம்மளது இல்ல தர்றதுக்கு."

"நம்ம வாயா கத்துது? பொட்டி கத்துது," என்றார் பெரியப்பா. "பொட்டிக்கு இன்னா தீட்டு? கடலுக்குத் தெரியாதா மனுசன் எது, மிசினு எதுன்னு?"

"கடலுக்குத் தெரியும் மாமா. தெக்குக் குப்பத்துக்குத் தெரியுமா?"

அதற்குப் பெரியப்பா தெற்குக் குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். சினிமா சத்தம் இது, பதறாதீங்க, மரம் தள்ளாதீங்க என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். பொறுப்பான காரியம்தான். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அந்தப் பொறுப்புதான் எங்களைக் கொன்றது.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதில் போட்டுவிடுவார்கள். 'வூடுவோ... ஓ... வூடுவோ.' எங்கள் பெண்கள் வரிசையில் நின்று கையை வாயில் குவித்தார்கள். வாயை மட்டும் திறக்கவில்லை. டைரக்டர் கெஞ்சினார், கத்தினார். ஒருத்தியும் திறக்கவில்லை. உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் தெற்குக் குப்பத்து ஆட்கள் திடுக்கிட்டு எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார்களாம். பிறகு எழுந்திருக்கவும் இல்லை. "ராக்கெட்டு எறங்கிருச்சிடா," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வலை பின்னினார்களாம். எங்களுக்கே பழகிவிட்டது. நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன. அம்மா ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

கதாநாயகி வந்த நாள். அன்றைக்கு அவளுக்கும் ராக்கெட்டுக்கும்தான் காட்சி, பின்னால் நிற்கக் கொஞ்சம் ஆட்கள் போதும் என்றார்கள். நைனாவும் சித்தப்பாவும், நம்ம வேலையைப் பார்ப்போம் என்று விடியலில் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கரி பூசிக்கொண்டு ராக்கெட்டின் காலடியில் இன்னும் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா இறகோடு பின்னால் நின்றார். பெண்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டதால் அம்மா கரையில் இருந்தாள். டீசல் எஞ்சின் டடடடவென்று ஓடியது. கதாநாயகிக்கு ஒருத்தர் விசிறினார். ஸ்பீக்கரில் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

டைரக்டர் கையைத் தூக்கினார். "கட்."

சவுண்டுக்காரர் பெட்டியை நிறுத்தினார். சக்கரம் நின்றது. எஞ்சினையும் அணைத்தார்கள். சத்தம் நிற்கவில்லை.

'வூடுவோ... ஓ... வூடுவோ.'

சவுண்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார். குமிழைத் திருப்பினார். ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கின ஒயர் கையில் இருந்தது. சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தில் வந்த பயம் இருக்கிறதே, அந்த மாதிரிப் பயத்தைத்தான் டைரக்டர் எங்களிடம் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு முதலில் புரிந்தது. மேட்டிலிருந்து கடற்கரையைப் பார்த்து ஓடினார். இறகு, எலும்பு எல்லாவற்றோடும் எங்கள் ஆண்கள் ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். அலை விளிம்பில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அம்மா. வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ, குரல் பாதி போய்விட்டது. தெற்கே பார்த்தும் கூப்பிட்டாள், கடலைப் பார்த்தும் கூப்பிட்டாள். தெற்குக் கரையில் மரங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றும் அசையவில்லை.

என் பின்னால் டைரக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். பெண்களைப் பார்த்தார். "வாயைத் திறந்துட்டாங்க," என்றார். பிறகு திரும்பிக் கத்தினார். "கேமராவைக் கொண்டாங்க. சீக்கிரம். இதுதான் எனக்கு வேணும்."

அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் மரங்கள் போவதற்குள் நீரோட்டம் வேலையை முடித்துவிட்டது. சித்தப்பா ஒரு ஒற்றைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வெகுதூரத்தில் கரை ஒதுங்கினார். மரத்தின் கட்டு அறுந்து கட்டைகள் தனித்தனியாகப் போய்விட்டன. அதில் ஒன்று நைனாவின் தோளில் இடித்து, ஒரு கை தூக்க முடியாமல் போய்விட்டது. அவர் மற்றொரு கட்டையில் தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சித்தப்பாவுக்குப் பக்கத்திலேயே மிதந்திருக்கிறார். கரையில் கூப்பிடுவது இருவருக்கும் கேட்டிருக்கிறது.

சித்தப்பா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு சாகும்வரை சொல்லவில்லை. "அண்ணன் காதுலயும் வுயுந்துது. என்னைப் பாத்து கேட்டாரு. 'டேய், அது நமக்கா, சூட்டிங்குக்கா?'ன்னாரு. எனக்குத் தெரியல. 'தெரியலண்ணே'ன்னேன்."

நைனா கிடைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் டைரக்டர் மணலில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கே லாரிகள் போய்விட்டன. ராக்கெட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தகரத்தைப் பிய்த்துக் கூரைக்குப் போட்டவர்கள் உண்டு. விளக்கெண்ணெய்க் கரி உப்புத் தண்ணீரில் போகாது. நைனாவுக்குக் காரியம் செய்த அன்றைக்கும் எங்கள் ஆண்கள் கழுத்து மடிப்பில் அந்தக் கரி இருந்தது. காட்டுமிராண்டிகளாகவே நின்று திதி கொடுத்தோம்.

அதற்கப்புறம் எங்கள் குப்பத்தில் யாரும் கூப்பிடவில்லை. யாரும் தடை போடவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். மறு வருஷ வாடையில் இன்னொரு மரம் கவிழ்ந்தபோது பெண்கள் ஓடிப்போய் அலையோரம் நின்றார்கள். கையை வாயில் குவித்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெரியப்பா ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் எங்கள் தெரு முனைவரைக்கும்தான் போயிற்று. நான் அப்போது அங்கே இல்லை. கேள்விப்பட்டதுதான்.

நானும் அம்மாவும் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். மண்டி பாய்தான் கருவாடு பிரிக்கும் வேலை கொடுத்து, மண்டிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்.

"நான்தானே தங்கச்சி அவங்களக் கூட்டியாந்தேன்," என்று ஒரு நாள் அவர் ஆரம்பித்தார்.

"நீங்க சோத்துக்கு வழி காட்னீங்க பாய். வுடுங்க," என்று அம்மா கருவாட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

படம் வந்தது. கொளவாய் ஏரிப் பக்கம் போட்டிருந்த டெண்டுக் கொட்டகையில் போட்டார்கள். ஒரே வாரத்தில் ஊர்ப் பையன்கள் அந்தக் கூச்சலைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கூடை தூக்கிப் போகும் மீன்காரிகளைப் பார்த்து 'வூடுவோ' என்று கத்திவிட்டு ஓடினார்கள். நீங்களாகக்கூட இருக்கலாம். என்னைப் பார்த்தும் கத்தினார்கள். நான் கருவாட்டுக் கூடையைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

"அத்த நீ பாக்க வேணாம் தங்கச்சி," என்று பாய் தடுத்தார். அம்மா கேட்கவில்லை. முதல் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கத்தில், தட்டிக்கு அருகே, மணலில் உட்கார்ந்தோம்.

ராக்கெட் இறங்கியது. கதவு திறந்தது. கதாநாயகன் வெளியே வந்தார். திரையில் அம்மா வந்தாள். அந்த நாள் அம்மா, வாயைத் திறந்து, நரம்பு புடைக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கொட்டகை முழுக்க 'வூடுவோ'. கூட்டம் கூடவே கத்தியது. திரையில் கதாநாயகி பயந்துபோய்க் கேட்டாள், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று. கதாநாயகன் சிரித்தார். "அஞ்சாதே. தெய்வமே வருக என்று நம்மை வரவேற்கிறார்கள்," என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அடுத்த நொடி கடல். மார்பளவு தண்ணீரிலிருந்து ஆண்கள் நடந்து வந்தார்கள். நடுவில் நைனா. என்றைக்கோ எடுத்த துண்டை அந்த நாளின் கூப்பாட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். எந்தக் கத்தரிக்கோல் பிடித்த ஆள் செய்தானோ, அவனுக்கு என்ன தெரியும்? அம்மா கூப்பிட்டாள், நைனா வந்தார். படத்தில் அப்படித்தான் இருந்தது.

அம்மா அழவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். மண்டி வேலை முடிந்து, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, இருக்கிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போவாள். தன் குரலைக் கேட்கத்தான் போகிறாள், தன்னைத் தானே வதைத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். பாயும் அப்படித்தான் நினைத்தார். கொட்டகைக்காரரிடம் சொல்லி அவளை உள்ளே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆள் அப்படியும் அவளை உள்ளே விட்டுவிட்டார்.

நைனாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. இப்போது அந்தப் படமும் கிடையாது. பேரன் தன் போனில் எல்லாம் கிடைக்கும் பாட்டி என்று ராத்திரி பகலாகத் தேடினான். போஸ்டர்கூட இல்லை. பிரிண்டை உருக்கி அந்த பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுத்திருப்பார்கள் என்று யாரோ அவனுக்குச் சொன்னார்களாம். இருக்கலாம். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

கடைசி ஆட்டம். மறுநாள் வேறு படம் என்று தட்டியில் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குக் கூட்டம் குறைவு. நான் அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். திரையில் அவள் கூப்பிட்டாள். நாலைந்து பையன்கள் கூடக் கத்தி ஓய்ந்தார்கள். நைனா தண்ணீரிலிருந்து ஏறினார். நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தை ஒரு வழி வழித்தார். நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தார். அப்போதுதான் அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். தினமும் அந்த இடத்தில் அசைந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. காதைக் கொண்டுபோனேன். குரலை உயர்த்தாமல், மதியத்தில் நைனாவின் பின்னால் நின்று நான் சொன்ன மாதிரி, திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறுது."

நைனா கிட்ட வந்தார். இன்னும் கிட்ட வந்தார். பிறகு எங்களைத் தாண்டிப் போய் ராக்கெட்டின் காலில் விழுந்தார்.